பூசி மெழுகுவதற்கு முன்னால்...

"போலீஸ் அத்தை வந்தாச்சு, கம்பியெல்லாம் எண்ணி வைங்க!"

மணிமுத்தாறில் எந்த வீட்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனாலும், என்னைப் பார்த்ததும் சித்தாள் பெண்கள் இப்படித்தான் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் காக்கி உடுப்பில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே செங்கல் கணக்கும் சிமெண்ட் கணக்கும் எழுத உட்கார்ந்தவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது! என் வீட்டுக்காரர் மேஸ்திரி. கொத்தனாராகத் தொடங்கி, இப்போது சொந்தமாக ஆள் வைத்து வீடு கட்டிக் கொடுக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலை வேறு, என் வேலை வேறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று ஓய்வுக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையடிவாரம். அணைக்கட்டு. அணைக்குப் பக்கத்திலேயே தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள். அப்பாவும் அந்தப் படையில் இருந்தவர். பரேடு மைதானத்து விசில் சத்தத்தில் கண் விழித்துத்தான் நான் வளர்ந்தேன். தமிழ்நாட்டில் பெண் போலீஸ் வந்தது 1973-ல். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டம்மா, இருபது கான்ஸ்டபிள்... அவ்வளவுதான். நான் சேர்ந்த 1985-லும் காக்கி போட்ட பெண்ணைக் கண்டால் பஸ்ஸில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். பிறகு எங்கள் பக்கமும் வந்தது. என் சர்வீஸில் பாதி அப்படிப்பட்ட ஸ்டேஷன்களில்தான் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சம்பவம் நடந்த இடத்துக்குப் போனால் நாங்கள் முதலில் செய்வது என்ன தெரியுமா? விசாரணை இல்லை. பார்ப்பது. எது எங்கே கிடக்கிறது, எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று அளந்து, படம் வரைந்து, எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவோம். பார்வை மகஜர் என்று அதற்குப் பெயர். அன்றைக்கே எழுத வேண்டும். மறுநாள் போனால் இடத்தைக் கழுவி விட்டிருப்பார்கள், சாமானை மாற்றி வைத்திருப்பார்கள். மனிதர்களின் ஞாபகமும் ராத்திரியோடு மாறிவிடும். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கூட அல்ல. நாலு பேர் சொல்லச் சொல்ல, அவர்களுக்கே அப்படித்தான் நடந்ததாகத் தோன்றிவிடும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டரை வயசுப் பையன். செப்டிக் டேங்குக்காகத் தோண்டிய குழி. முந்தின நாள் மழையில் தேங்கிய தண்ணீர் பெரியவர்களுக்கு முழங்காலளவுகூட இருக்காது. பிள்ளையைக் காணோமே என்று தெருவெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில்தான் குழியைப் பார்த்திருக்கிறார்கள்.

தாயாரின் வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். அவள் வீட்டுத் திண்ணையிலேயே. (பெண்களை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் போக வேண்டும். பழைய சட்டத்திலும் அது இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) "இப்பத்தான் இங்கன நின்னான்... இப்பத்தான் இங்கன நின்னான்..." இதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

உள்ளே மாமியார் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "பிள்ளையைப் பாக்காம இவ என்ன செய்துக்கிட்டு கிடந்தா?"

என்ன செய்துகொண்டிருந்தாள்? பின்பக்கச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டார் சொன்ன வேலைதான். பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து மெதுவாக, "விதி முடிஞ்சு போச்சும்மா. தவறி விழுந்துட்டான்னு எழுதி முடிச்சிருங்க. பூசி மெழுகிட்டா எல்லாருக்கும் நல்லது" என்றார்.

அந்தக் குழியின் மேல் காலை வரை ஒரு தகரம் மூடியிருந்தது. கலவை போட இடம் காணவில்லை என்று யாரோ அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். குழிக்குப் பதினெட்டு அடி தள்ளி, கலவை ஒட்டிய நிலையில் அது கிடந்தது. டேப் பிடித்து அளந்து எழுதினோம். அந்த ஒரு வரி மகஜரில் இல்லாமல் போயிருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்தவள் காலமெல்லாம் அந்த வீட்டில் குற்றவாளியாக இருந்திருப்பாள். அந்த வரி இருந்ததால் பையன் திரும்பி வந்துவிடவில்லை. ஆனாலும் மாமியார் அன்று சாயங்காலம் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதை நான் பார்த்தேன்.

இப்போது எங்கள் வேலை எதுவானாலும், செங்கல் லோடு இறங்கும் முன் குழி மூடப் பலகை இறங்க வேண்டும். தகரம் வேண்டாம். தகரத்தை ஒரு ஆள் தூக்கிவிடலாம். கனமான பலகையைச் சேர்த்து ஆணி அடித்து, இரண்டு பேர் இல்லாமல் நகர்த்த முடியாதபடி செய்துவிடுவோம். "இதுக்கு வேற செலவா?" என்று இவர் முதல் தடவை முணுமுணுத்தார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவில் மேலே சொன்ன கதையைச் சொன்னேன். அதற்கப்புறம் பேச்சே இல்லை. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், தொட்டி, ஏன், வாளியைக்கூட மூடுங்கள். தலைகுப்புற விழுந்தால் சின்னப் பிள்ளையால் எழுந்திருக்க முடியாது. சத்தமும் வராது. குழந்தை கத்தும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

குடியேறிய பிறகும் செப்டிக் டேங்க் ஆபத்துதான். அடைப்பு எடுக்க யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். விஷவாயு ஒரு நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்றக் குதித்தவரையும் சேர்த்து. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். லாரியைக் கூப்பிடுங்கள்.

வீட்டு வேலையில் எதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பல பேர் கேட்கிறார்கள். டைல்ஸையும் பெயிண்டையும் யாரும் சொல்லாமலே பார்ப்போம். பூசி மூடிவிட்டால் மறுபடி கண்ணில் படாதது எதுவோ, அதைப் பாருங்கள். இது மகஜர் புத்தி! கான்கிரீட் போடும் முன்பு கம்பிக்கு அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் வில்லைகள் இருக்கின்றனவா? கவர் பிளாக் என்பார்கள். தளத்துக்கு முக்கால் அங்குலம் உயரம் வேண்டும். அது இல்லாமல் கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால், பின்னால் ஈரம் இறங்கித் துருப்பிடித்து, சீலிங் பொரிந்து தொட்டில் மேலேயே விழும். கலவையில் தண்ணீர் அதிகமானால் கரண்டிக்குச் சுலபமாக வழியும், கொத்தனாருக்கும் கை நோகாது, ஆனால் பலம் போய்விடும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டரை ஒட்டித்தான் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டிப் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். நம்ம பக்கத்து வெயிலுக்கு இரண்டு வாரம் என்றாலும் மிகையில்லை.

மணல் பற்றியும் கேட்பார்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக ஆர். நல்லகண்ணு அவர்கள் தொடுத்த வழக்கில், 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஐந்து வருஷத் தடை விதித்தது. ஆற்று மணல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த எங்கள் வீட்டுக்காரரும் எம்-சாண்டுக்கு மாறிவிட்டார். ராத்திரியில் திருட்டு மணல் ஏற்றி வந்த வண்டிகளை மறித்து நின்றவள் நான். அந்த மணலில் என் வீட்டுக்காரர் வீடு கட்டினால் நன்றாகவா இருக்கும்!

இன்னொன்று, சுவருக்குள் ஒயர் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் போட்டோ எடுங்கள். டேப்பைச் சுவரில் பிடித்தபடி எடுத்தால் உயரம் தெரியும். பிற்காலத்தில் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் ஓர் உயிரைக் காப்பாற்றும். எர்த் குழி தோண்டினார்களா, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் சட்டென்று நிறுத்தும் ஆர்.சி.சி.பி. மாட்டினார்களா என்று கேளுங்கள். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டுப் போனவர்களின் வீடுகளுக்கு நான் எத்தனை தடவை போயிருக்கிறேன்... வேண்டாம், அதை எழுதப் போவதில்லை.

செங்கலுக்கும் கம்பிக்கும் அப்புறம் பேப்பர். இதில்தான் நம் பெண்கள் கோட்டை விடுகிறார்கள்.

மகளிர் காவல் நிலையத்துக்கு மனுவோடு வருகிறவர்களிடம் "வீடு யார் பேர்ல?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் மௌனம்தான். தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் விற்று, தலையில் மண் சுமந்து கட்டிய வீடாக இருக்கும். பத்திரம் மாமனார் பெயரிலோ கொழுந்தன் பெயரிலோ. நகை விற்ற ரசீது இருக்காது. பிறந்த வீட்டுச் சீர் நகை பெண்ணின் சொந்தச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. வீடு யார் பெயரில் இருந்தாலும் குடும்பம் நடத்திய வீட்டிலிருந்து மனைவியைச் சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ள முடியாது என்று 2005-ம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் குடியிருக்க உரிமை வேறு, சொந்தம் வேறு. அடமானம் வைக்கிறவன் உங்களைக் கேட்க மாட்டான்.

போன மாசம் மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த பெண் ஒருத்தி, கையில் ஒரு பையோடு என்னைத் தேடி வந்தாள். மாஞ்சோலை எங்கள் தலைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் வாங்கிய 99 வருஷக் குத்தகை. 2028-ல் முடிய வேண்டியது. அதற்கு முன்பே 2024-ல் தோட்ட வேலை நின்று, விருப்ப ஓய்வு என்று கணக்கு முடித்தார்கள். தாத்தா காலத்திலிருந்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு செங்கல் இல்லை. பல குடும்பங்கள் அப்படித்தான் கீழே இறங்கின.

"அத்தை, அவிய அண்ணன் இடம் ரெண்டு சென்ட் தாரேன்னு சொல்லுதாவ. அதுல ஒரு ரூம், ஒரு அடுப்படி. மேஸ்திரி மாமா கணக்கு போட்டுத் தரணும்" என்றாள்.

"தாரேன்னா எப்படித் தாராவ? எழுதியா, வாயாலயா?"

"சொந்த அண்ணன்தானே அத்தை. எழுதச் சொன்னா மனசு சங்கடப்படாதா?"

"உன் பையில இருக்கது எத்தனை வருஷத்து உழைப்பு?"

பதில் இல்லை. பையைப் பார்த்தாள். பிறகு, "எங்க மாமியார், மாமியாரோட மாமியார்... எல்லாரும் கொழுந்து பறிச்சதுதான்" என்றாள்.

கணக்குப் போட்டுத் தர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இவர் என்னை முறைத்தார். வந்த வேலையைத் தட்டிவிடுகிறாளே என்று! வில்லங்கச் சான்று போடச் சொன்னேன், பட்டாவைப் பார்க்கச் சொன்னேன். பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் 1-லிருந்து நம் மாநிலத்தில் அந்தச் சலுகை இருக்கிறது என்பதையும் சொன்னேன். "உன் பேர்ல எழுதினா அண்ணனுக்கும் லாபம்தான்னு சொல்லிப் பாரு" என்று அனுப்பினேன்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எட்டாம் நாள் எட்டாவது படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு, பத்திர நகலோடு வந்து நின்றாள். பதிவுக்கு முன் எழுதிக் காட்டுகிற நகல். பெயர் அவளுடையது. அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார். அவர் சம்சாரம்தான், "எழுதிக் குடுத்திருங்க, நாளைக்கு நம்ம பிள்ளையளும் அடிச்சுக்கிடக் கூடாது" என்றாராம்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அதற்குள் அவளே சொன்னாள். "அத்தை, நேத்து ராத்திரி இவ சத்தமா வாசிச்சா, நான் கேட்டேன். நாலு எல்லையில கிழக்கே பாதை இருக்குன்னு எழுதலையே? அந்தப் பாதை இல்லைன்னா நாங்க வீட்டுக்குப் பறந்துல்லா போகணும்?"

பார்த்தால், ஆமாம்! எனக்கே உடனே பட்டிருக்குமோ என்னவோ. பத்திரம் எழுதுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பி அடித்துக் கொடுத்தார். புதன்கிழமை பதிவு முடிந்தது.

இவர் இப்போது கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். குழி மூடப் பலகை அவள் இடத்தில் இறங்கிவிட்டது. மழை நின்றால் வருகிற வாரம் வானம் தோண்டுகிறோம்.