ஆறு அறை, ஐந்து தோட்டா

டெக்சாஸில் இருக்கும் என் மருமகன் போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார். "மாமா, கௌபாய் ரிவால்வர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதை எடுக்கலாம்?" அவர் வைத்த பத்தாவது நிமிடம் மகள் அழைத்தாள். "நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்கப்பா. வீட்டுல அஞ்சு வயசுப் பையன் இருக்கான்."

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. சிறுவயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது புளூபெரி படக்கதைகளில் மூழ்கிக் கிடந்தவன் நான். பிறகு அதே ஆசாமி சிவகாசி லயன்-முத்து காமிக்ஸில் கேப்டன் டைகராகத் தமிழ் பேசினார். டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர்களின் படைப்பு. அமெரிக்கக் கௌபாயை நமக்கு அறிமுகப்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களே!

மருமகன் சேரப்போவது கௌபாய் துப்பாக்கிப் போட்டி. 1987இல் தொடங்கிய ஒரு சங்கம் இதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையில் வரவேண்டும். புனைபெயர் வேண்டும், ஒருவர் பெயர் இன்னொருவருக்குக் கிடையாது. இரண்டு ரிவால்வர், ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன் கொண்டு இரும்புத் தகடுகளைச் சுடவேண்டும்.

ரிவால்வர் 'சிங்கிள் ஆக்‌ஷன்' வகையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்த பிறகுதான் விசையை அழுத்தலாம். 1873இல் கோல்ட் கம்பெனி வெளியிட்டதுதான் இதில் புகழ்பெற்றது. அந்தக் காலத்து அசலின் விலை கண்ணைக் கட்டும். அதனால் பலரும் வாங்குவது நகல். உபெர்ட்டி கம்பெனி இத்தாலியில் பிரேஷியா பக்கம் கார்தோனே என்ற ஊரில் செய்கிறது. இங்கேயும் இத்தாலிக்காரர்தான்!

நகல் என்றால் எனக்கு இளக்காரம் இல்லை. ஆயிரக்கணக்கான காகிதங்களில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி, அதிகாரி கையெழுத்துக்கு வைத்தவன் நான். அசலைப் பீரோவில் வைத்துவிட்டு, அலைச்சலுக்கு நகலை எடுத்துப்போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் எந்த நகல்? மருமகனுக்கு .45 தோட்டா மேல் ஆசை. படத்தில் வருவது அதுதானாம். நான் .38 என்கிறேன். உதைப்பு குறைவு. .357 ரிவால்வரில் .38 தோட்டாவையும் போடலாம். ரைஃபிளையும் அதற்கு ஏற்றதாக எடுத்தால் இரண்டுக்கும் ஒரே தோட்டா. குழல் நீளம் 4¾, 5½, 7½ அங்குலம் எனக் கிடைக்கும். பளபளப்பைப் பார்க்காமல், கையில் பிடித்துப் பார்த்து, கட்டைவிரலுக்குச் சுத்தியல் எட்டுகிறதா என்று பார்த்து எடுக்கவேண்டும்.

பழைய அமைப்பில் ஓர் ஆபத்து உண்டு. தோட்டா உள்ள அறையின் மேல் சுத்தியல் படுத்திருக்கும்போது கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம். ரூகர் கம்பெனியின் வக்கேரோவில் அதைத் தடுக்கும் உள்பாகம் இருக்கிறது. ஆனாலும் போட்டியில் எல்லோருக்கும் ஒரே விதி: ஆறு அறையில் ஐந்து தோட்டாதான். சுத்தியலுக்குக் கீழே உள்ள அறை காலி.

இந்த விதியைப் படித்தபோது தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்தது. துப்பாக்கி லைசென்ஸ் ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். மலையடிவாரத் தோட்டக்காரர் ஒருவர் பன்றி விரட்ட ஒற்றைக்குழல் கேட்டால், ஏன், எதற்கு என்று ஃபைல் எத்தனையோ மேசை ஏறி இறங்கும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். அலுத்துக்கொள்வார்கள், நானும் அலுத்துக்கொண்டேன். இப்போது பேரனை நினைக்கும்போது, அத்தனை கேள்வியும் நியாயமாகத்தான் படுகிறது.

அங்கே அப்படிக் கேட்க யாரும் இல்லையென்றால் வீட்டில் உள்ளவர்கள்தான் கேட்கவேண்டும். ஆகவே மருமகனுக்கு எழுதிவிட்டேன். "மாப்பிள்ளை, முதலில் இரும்புப் பெட்டி வாங்குங்கள். ரிவால்வர் அதற்குள், தோட்டா வேறொரு பெட்டியில். இரண்டு சாவியும் என் மகளிடம். போட்டி நாளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதமென்றால் .357 உபெர்ட்டி எடுங்கள்."

அவர் சரி என்று பதில் போட்டுவிட்டார். மகள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் சொல்லும்வரை ஃபைல் நிலுவையில்தான் இருக்கும்.