குழந்தைக்காக யார் பேசுவது?

இங்கிலாந்தில் பெற்றோர் பிரிந்து, குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தால், 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி நீதிபதி ஓர் அறிக்கை கோரலாம். 'காஃப்காஸ்' என்னும் அரசு சார்ந்த அமைப்பின் அலுவலர் குழந்தையோடு பேசி, அதன் நலன் எதில் உள்ளது என்று எழுதித் தருவார். செலவு அரசுடையது. அதே தெருவில் வாழும் மற்றொரு குழந்தையின் தந்தையை நாட்டைவிட்டு வெளியேற்ற உள்துறை அமைச்சகம் முடிவெடுத்தால், அந்த வழக்கு குடிவரவுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே இத்தகைய நிலையான ஏற்பாடு இல்லை. அறிக்கை வேண்டுமென்றால் குடும்பமே ஒரு தனிச் சமூகப் பணியாளரை அமர்த்தி, ஊதியம் கொடுத்துப் பெற வேண்டும்.

சட்டம் குழந்தையை மறந்துவிட்டது என்று சொல்ல இயலாது. குடிவரவு தொடர்பான பணிகளில் குழந்தைகளின் நலனைப் பேண வேண்டிய கடமையை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு உள்துறை அமைச்சகத்தின் மீது சுமத்துகிறது. 2011-இல், தான்சானியாவைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், குழந்தையின் நலனை முதன்மையான ஒன்றாகக் கருத வேண்டும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் நலனும் பெற்றோரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே குழந்தையின் கருத்தையும் அறிய வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. குற்றத் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தும் வழக்குகளில், பாதிப்பைக் கற்பனையான ஒரு 'சராசரிக் குழந்தை'யோடு ஒப்பிட்டு அளக்கலாகாது என்று 2022-இல் அதே நீதிமன்றம் கூறியது. வழக்கில் உள்ள இந்தக் குழந்தைக்கு என்ன நேரும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் கோப்புகளில் கிடைப்பதில்லை. ஐந்து வயதுச் சிறுமி இரவில் யாரைத் தேடி அழுகிறாள், தந்தை இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளியான அண்ணனை யார் பார்த்துக்கொள்வார், தாய் தனியே தாங்குவாரா என்பவற்றை, வீட்டுக்குச் சென்று, குழந்தையிடம் தனியே பேசி, பள்ளி, மருத்துவப் பதிவுகளைப் படித்தவரே சொல்ல முடியும். சமூகப் பணியாளரின் தொழிற்பயிற்சி அதற்கானதே.

நிபுணர் சாட்சியத்தின் எடையைத் தமிழர்கள் வேறொரு வழியில் அறிவார்கள். உடலில் சூட்டுத் தழும்புகளோடு புகலிடம் கோரிய இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், காயம் எவ்வாறு ஏற்பட்டிருக்கும் என்று மருத்துவர் கருத்துரைப்பது அவருடைய வரம்புக்கு உட்பட்டதே என்று 2019-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. உடலின் தழும்பைப் படிக்க மருத்துவர் வேண்டுமென்றால், மனத்தின் தழும்பை முன்கூட்டி உணர்த்தவும் ஒருவர் வேண்டாமா?

பணம் யாருடையது என்பதில்தான் சிக்கல். புகலிட வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி தொடர்கிறது. குடும்ப வாழ்வு சார்ந்த குடிவரவு வழக்குகளில் பெரும்பாலானவை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரல் முதல் அந்த வரம்புக்கு வெளியே போயின. விதிவிலக்கு நிதிக்குத் தனியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வேலை செய்யும் உரிமையே இல்லாத பெற்றோர், நிபுணரின் கட்டணத்துக்கு எங்கே போவார்கள்?

பணம் திரட்டியவர்களுக்கும் நிம்மதி இல்லை. நிபுணரின் முதல் கடமை தீர்ப்பாயத்துக்கு உதவுவதே. ஊதியம் கொடுத்தவருக்கான கடமை அதற்குப் பிற்பட்டது என்று நடைமுறை விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் ஒரு தரப்பு பணம் கொடுத்து வாங்கிய அறிக்கை என்ற ஐயம் நிழலாய்த் தொடர்கிறது. ஒரே சந்திப்பில், பெற்றோர் சொன்னதை மட்டும் நம்பி எழுதப்பட்ட அறிக்கைகளும் உண்டு. அவற்றுக்குத் தீர்ப்பாயம் குறைந்த மதிப்பளிப்பது நியாயமே. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய, பழைய கார்ச் சந்தை பற்றிய கட்டுரை நினைவுக்கு வருகிறது. நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே சொல்வார். நல்ல வண்டிகள் சந்தையைவிட்டு விலகும். அறிக்கைகளுக்கும் அந்தக் கதி நேரலாம். உழைத்து எழுதியவரும் அவசரத்தில் எழுதியவரும் ஒரே ஐயத்துக்கு ஆளாவார்கள். இழப்பு குழந்தைக்கே.

தீர்வு புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியதன்று. குழந்தையின் வாழ்வே கேள்விக்குறியாகும் வழக்குகளில், தீர்ப்பாயமே சமூகப் பணியாளரை நியமித்து, பொதுப் பணத்தில் ஊதியம் வழங்கலாம். உள்துறை அமைச்சகம் வழக்கில் ஒரு தரப்பு. நியமனம் அதன் கையில் இருக்கலாகாது. செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் அரைகுறைத் தகவலில் எடுத்த முடிவும் மேல்முறையீடாகவும் மறுவிசாரணையாகவும் திரும்பி வந்து அரசுக்குச் செலவு வைக்கிறது. அறிக்கை குடும்பத்துக்குச் சாதகமாகவே அமையும் என்பதும் இல்லை. பாதகமாக வந்தாலும் உண்மை தெரிந்து எடுத்த முடிவாக அது இருக்கும்.

பெற்றோர் பிரியும்போது குழந்தையிடம் கருத்துக் கேட்கும் ஓர் அரசு, தானே பெற்றோரைப் பிரிக்க முனையும்போது கேட்காமல் இருப்பதற்கு நியாயம் ஏதுமில்லை.