நீச்சலுடையும் பஜ்ஜி சொஜ்ஜியும்

2025 மே மாதம் ஐதராபாத்தில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, மூத்த தோழிகளுக்கு 1996 பெங்களூர் ஞாபகம் வந்திருக்கும். நான் அப்போ சின்னப் பிள்ளை. அமிதாப் பச்சன் கம்பெனி நடத்திய அந்தப் போட்டிக்கு எவ்வளவு எதிர்ப்பு! மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிரையே விட்டார். கடைசியில் நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மற்றதெல்லாம் பெங்களூரில் ஜாம்ஜாமென்று நடந்தது. பண்பாடு பிழைத்துக்கொண்டதாம்!

எங்க குற்றாலம் சாரல் விழாவில் ஆணழகன் போட்டி நடந்திருக்கிறது. ஜட்டியோடு மேடையில் நின்றவர்களைப் பார்த்துப் பண்பாடு கெட்டதென்று யாரும் கொடி பிடிக்கலை. அதே குற்றாலத்தில் நாம சேலையோடு குளித்தாலும் செல்போனைத் தூக்குகிறவர்கள் உண்டு.

போட்டிக்கு நான் வக்காலத்து வாங்கலை. 1951-ல் லண்டனில் அது தொடங்கியதே நீச்சலுடைப் போட்டியாகத்தான். 1970-ல் அங்குள்ள பெண்களே அரங்குக்குள் மாவுப் பொட்டலம் வீசி எதிர்த்தார்கள். சந்தை மாடு மாதிரி நிறுத்தி மார்க் போடாதே என்பதுதான் அவர்கள் சண்டை. பெங்களூரிலும் அப்படிக் கேட்ட பெண்கள் இருந்தார்கள். நீச்சலுடைக் கூச்சலில் அது அமுங்கிப்போச்சு. 2015 முதல் நீச்சலுடைச் சுற்றை அவர்களே எடுத்துவிட்டார்கள். மார்க் மட்டும் நிற்கலை.

நம்ம வீட்டுக் கூடத்தில் மட்டும் நின்றுவிட்டதா? எங்க மதினி மகள் பி.எட். படித்தவள். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மூணு இடத்தில் 'நிறம் கம்மி' என்று தட்டிவிட்டார்கள். அப்படிச் சொன்னதும் பெண்கள்தான். வருகிற வெள்ளிக்கிழமை நாலாவது இடம். மதினி சிவப்பழகு க்ரீம் வாங்கி வைத்திருக்கிறாள். வேண்டாமென்று நானும் தினம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

- ஒரு வாசகி, தென்காசி