கருவி வந்தால் போதுமா? கற்பிப்போர் வேண்டாவா?

போடிநாயக்கனூரினின்று மேற்கே செல்லும் சாலை முந்தலைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. பதினேழு கொண்டையூசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் போடிமெட்டு. அங்கே ஒரு காவற்சாவடி. அதற்கு இப்பால் தமிழ்நாடு. அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். இருபாலும் விளைவது ஒரே ஏலம்; இருபாலும் அதைப் பறிக்கும் கைகள் பெரும்பாலும் தமிழ்க்கைகள். ஆயினும் அக்கைகளுக்குரியார் பெற்ற பிள்ளைகளின் பள்ளிக் கல்வியில் அச்சாவடி இன்று ஒரு புதிய கோட்டைக் கிழித்து வருகிறது. அக்கோட்டைத் தமிழுணர்வாளர் கூர்ந்து நோக்கல் வேண்டும்.

2025ஆம் ஆண்டு சூன் முதலாகக் கேரள அரசு, பத்தாம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் எந்திரனியலைக் கட்டாயப் பாடமாக்கியது. ஏறத்தாழ 4.3 இலக்கம் மாணவர் அதைப் பயில்கின்றனர். 29,000 கருவித்தொகுதிகள் பள்ளிகட்குப் பகிர்ந்தளிக்கப்பெற்றன. அவற்றைக் கையாளும் முறையில் ஏறத்தாழ 10,000 ஆசிரியர் முதற்கண் பயிற்சி பெற்றனர். நெஞ்சிற் பதித்தற்குரிய செய்தி இனித்தான் வருகிறது. அப்பாடநூல் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றித் தமிழிலும் கன்னடத்திலும் ஆக்கப்பெற்றுள்ளது. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ்வழியிற் பயிலும் தோட்டத் தொழிலாளியின் மகன், கையை நீட்டினால் தானே நீர்மருந்து சொரியும் பொறியைத் தன் தாய்மொழிப் பாடநூலைக் கொண்டு கட்டுகிறான். உணரி இன்னது, மின்னோடி இன்னது, நிரல் இன்னது என்று தமிழில் அறிகிறான். வேற்று மாநிலத்துச் சிறுபான்மைத் தமிழ்ப்பிள்ளைக்கு வாய்த்த இப்பேறு, தமிழே ஆட்சிமொழியாகவுள்ள நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் இதனினும் மிகுதியாய் வாய்த்தல் வேண்டுமன்றோ?

இப்பாலும் முயற்சி இல்லாமலில்லை. இந்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் கைவினை ஆய்வகத் திட்டம், தெரிந்தெடுத்த பள்ளியொன்றுக்கு 20 இலக்கம் உருபா வரை நல்குகிறது. ஐந்தாண்டில் மேலும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. தமிழ்நாட்டரசும் 2025இல், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள அரசுப்பள்ளி மாணவர்க்குச் செயற்கை நுண்ணறிவையும் எந்திரனியலையும் கற்பிக்கத் திட்டம் வகுத்தது. இவை போற்றத்தக்கன. ஆனால், கருவி வாங்குவது பணத்தால் முடியும். கற்பிப்பவரை ஆக்குவது பணத்தால் மட்டும் முடியாது. ஏர் வாங்கியவனெல்லாம் உழவனாகிவிடின் நாட்டில் தரிசு ஏது?

எந்திரனியல் அணிக்குப் பயிற்றுநராக அமர்த்தப்பெறும் ஆசிரியர் யார்? பெரும்பாலும் அறிவியலோ கணக்கோ கற்பிப்பவர். திருகாணியைப் பிடித்துப் பழகாதவர். நிரலை எழுதிப் பாராதவர். அவர்க்கு ஓரிரு நாட் பயிற்சி தந்து, ஆங்கிலக் குறிப்பேடொன்றைக் கையிற் கொடுத்துவிட்டால் நிகழ்வது யாது? படத்தில் உள்ளவாறே உறுப்புகளைப் பூட்டுவார். ஏட்டில் உள்ளவாறே நிரலைப் பெயர்த்தெழுதுவார். ஓடினால் மகிழ்வார், ஓடாவிட்டால் கருவி பழுதென்று பேழையிற் பூட்டிவிடுவார். பெட்டி திறவாமலே ஆண்டு கழியும். குற்றம் ஆசிரியருடையதன்று, அவரை அரைகுறையாய் ஆயத்தப்படுத்தியவருடையது.

பயிற்றுநர் தெளியவேண்டியவை இரண்டு: கட்டும் கலை, நிரல் எழுதும் கலை. இரண்டிலும் அடிப்படைகள் சிலவே, அவை எளியவை.

முதலிற் கட்டும் கலை. எடை மிகுந்த மின்கலம் கீழே அமைதல் வேண்டும். மேலே அமைந்தால் திரும்புங்கால் பொறி கவிழும். பொதி மேலேறிய சுமையுந்து போடிமெட்டு வளைவில் சாய்வதைக் கண்ட பிள்ளைக்கு இதை விளக்க ஏடு வேண்டா. மின்னோடியில் 12 பல்லுள்ள சில்லையும் ஓடும் உருளியில் 36 பல்லுள்ள சில்லையும் பூட்டினால், மின்னோடி மூன்று முறை சுழலும்போது உருளி ஒருமுறை சுழலும். விரைவு மூன்றிலொன்றாகும், உராய்வில் இழப்பது போக, திருகும் வலிமை ஏறத்தாழ மும்மடங்காகும். ஏற்றத்தில் உந்தோட்டி முதற்பல்லுக்கு மாற்றுவதன் கமுக்கம் இதுவே. உருளியின் விட்டம் 7 செ.மீ. ஆயின் சுற்றளவு 22 செ.மீ.; ஆகவே 110 செ.மீ. செல்ல ஐந்து சுற்று. ஏழாம் வகுப்புக் கணக்கு இங்கே உயிர்பெற்று ஓடுவதை மாணவன் கண்ணாரக் காண்கிறான்.

அடுத்து நிரற்கலை. நிரலென்பது மந்திரமன்று; ஒழுங்குபட்ட ஏவல். "எட்டு மில்லிமீட்டர்க் கண்ணுள்ள சல்லடையில் தங்கினால் முதற்குவியலில் இடு, விழுந்தால் அடுத்த சல்லடைக்கு அனுப்பு, காய் தீரும்வரை இதையே செய்" என்பது போடியில் ஏலக்காய் பிரிக்கும் பெண்டிர் நாடோறும் செய்யும் தொழில். இதில் கட்டளை உண்டு, கட்டுப்பாடு உண்டு, மடக்கிச் செய்தலும் உண்டு. நிரலாக்கத்தின் மூன்று தூண்களும் இவையே. தாயின் தொழிலிலேயே நிரலின் நெறி இருப்பதை உணரும் பிள்ளை எந்திரனைக் கண்டு அஞ்சுமா? ஏழ்மையைக் கண்டுதான் நாணுமா?

இவற்றினும் பெரிது வழுக் களையும் பயிற்சி. காலையிற் கருங்கோட்டைப் பற்றிச் சென்ற பொறி, உச்சிவெயிலில் தடுமாறும். வெயிலின் ஒளி உணரியைக் குழப்பியிருக்கும். நேற்று மூன்று நொடியில் தடையை எட்டியது, இன்று எட்டாது, மின்கலம் தளர்ந்திருக்கும். நொடியை எண்ணாது சுற்றை எண்ணுமாறு நிரலை மாற்றினால் அவ்வழு நீங்கும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. மீண்டும் ஓட்டிப் பார் என்பதே பயிற்றுநர் மாணவர்க்குக் கொடுக்கவேண்டிய உடைமை. மாணவன் கையினின்று கருவியைப் பறித்துத் தாமே சரிசெய்து தரும் பயிற்றுநர், போட்டியிற் பரிசு வாங்கித் தரலாம். அறிவை வாங்கித் தரார். "ஏன் நின்றது? நீயே கூறு" என்று வினவிக் காத்திருப்பவரே ஆசிரியர்.

இங்கேதான் மொழி நுழைகிறது. "ஏன்" என்னும் வினா எம்மொழியில் எழுகிறதோ அம்மொழியிலேயே விடையும் விளையும். ஆங்கிலத்தில் உருவேற்றிய ஆசிரியர் மாணவனிடம் ஏன் என்று வினவ அஞ்சுவார். ஏனெனில் அவர்க்கே விடை சொற்களாய் உள்ளதேயன்றித் தெளிவாய் இல்லை. மாணவனும் விடையிறுக்க அஞ்சுவான். கருத்து இருந்தும் சொல் இராது. இருவர் அச்சத்துக்கும் நடுவே எந்திரன் மட்டும் பொருளின்றிச் சுழன்றுகொண்டிருக்கும்.

தமிழில் இவை இயலுமா என்பார்க்கு வரலாறு விடை கூறும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அவ்வழியில் முப்பதுக்கு மேற்பட்ட மருத்துவரை ஆக்கினார். அயலார் ஒருவர் தாமே தமிழ் கற்று, நூல்களைத் தமிழாக்கி, கற்பிப்போரையும் ஆயத்தப்படுத்தினார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் அமைப்பியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில் பதிப்பி, வரை, ஆனால், இல்லை, முடி என்னும் தமிழ்ச்சொற்களே ஏவற்சொற்கள். அதில் கட்டுப்பாடு முன்னும் 'ஆனால்' பின்னும் நிற்கும். தமிழ்த் தொடரின் நடையே அது. 1967இல் சேமூர் பேப்பர்ட்டும் அவர்தம் துணைவரும் சிறார்க்கென 'இலோகோ' நிரல்மொழியை ஆக்கி, ஆமை வடிவப் பொறியை அதனால் ஏவச் செய்ததன் கருத்தும் இதுவன்றோ? பிள்ளை தன் உடலசைவையும் தன் சொல்லையும் கொண்டு பொறியை ஆளவேண்டும் என்பதே அது.

உண்மையை மறைத்தல் தகாது. பள்ளிக் கருவித்தொகுதிகளில் உள்ள ஆர்துயினோ பலகை 2005இல் இத்தாலியில் தோன்றியது. அதன் நிரற்சொற்கள் ஆங்கிலமே. அச்சொற்களை மாணவன் கற்கத்தான் வேண்டும். அவை ஒருசில பத்துச் சொற்களே. அவற்றைக் கருவியின் குறிகளாகக் கற்பதில் தமிழுக்கு இழுக்கில்லை. இழுக்காவது, அவ்வொருசில சொற்களைக் கரணியங் காட்டி, விளக்கம், வினா, விடை, குறிப்பு ஆகிய அனைத்தையும் ஆங்கிலத்துக்கு விட்டுக்கொடுப்பதே.

தமிழன்பர் தம் குறையையும் ஒப்புதல் வேண்டும். ஒரே பொருளுக்கு எந்திரன், பொறியன், தானியங்கி, இயந்திர மாந்தன் எனச் சொற்களை ஆக்கிக் குவித்து, எது சிறந்ததென்று ஏட்டில் வழக்காடுவது எளிது. ஆனால் அச்சொற்களுள் ஒன்றேனும் வகுப்பறையில் ஒரு மாணவன் வாயில் தவழ்கிறதா என்று சென்று பார்த்தவர் எத்துணையர்? சொல்லாக்கம் நூலகத்திற் பிறக்கலாம், வாழ்வது பட்டறையில்தான். திருகாணி, உருளி, சல்லடை, மின்கலம் என்பன பட்டியலில் இருப்பதால் வாழவில்லை. கையிலும் வாயிலும் புழங்குவதால் வாழ்கின்றன. உணரியும் மின்னோடியும் நிரலும் வழுவும் அவ்வாறு புழங்கல் வேண்டுமாயின், முதலில் அவை பயிற்றுநர் நாவில் ஏறவேண்டும். தமிழாசிரியர் அறிவியலாசிரியரின் அருகமர்ந்து, அவர் செய்வதைக் கண்டு, அவர்க்குச் சொல் உதவவேண்டும். அவரிடம் பொருள் கேட்டுத் தம் சொல்லைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும்.

செய்யத்தக்கவை சிலவே. போடிநாயக்கனூரில் 2012 முதல் அரசு பொறியியற் கல்லூரி உள்ளது. அதன் பட்டறைக் கதவுகள் விடுமுறைகளில் சுற்றுப்புறப் பள்ளி ஆசிரியர்க்குத் திறக்கலாம். ஒருநாள் விழாவாக அன்றி, ஆண்டு முழுதும் திங்களுக்கொரு நாளாகப் பயிற்சி அமைதல் நன்று. கற்றதைப் பள்ளியிற் செய்து பார்த்து, பட்ட இடரைச் சுமந்துகொண்டு அவர் மீண்டும் வரவேண்டும். பயிற்சியேடு தமிழில், அவரவர் ஊர்த்தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்படல் வேண்டும். கேரளத்துத் தமிழ்ப் பாடநூலை வாங்கி ஆய்ந்து, கொள்ளத்தக்கது கொள்ளலாம். அயலிற் கற்பது இழிவன்று, கல்லாமையே இழிவு. ஏலக்காயைப் பருமனால் பிரிக்கும் சிறு பொறியொன்றை மாணவர் தாமே கட்டிக் காட்டுவதே அப்பயிற்சியின் தேர்வாகட்டும்.

இம்மலைச்சரிவுக்குப் பொறி புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே மலைமுகட்டை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. வெள்ளையர் வகுத்த அப்பொறியமைப்பில் தமிழர் சுமந்தனர். சுமந்தவரின் கொள்ளுப்பேரர் இன்று பொறியை வகுப்பவராதல் வேண்டும். மீண்டும் ஒரு தலைமுறை, பிறர் எழுதிய நிரலுக்குச் சுமையாளாய் நிற்குமாயின், அதற்குக் கருவி இல்லாமை கரணியமாகாது, கற்பித்தாரில்லாமையே கரணியமாகும்.

போடிமெட்டுச் சாவடிக்கு அப்பால் ஒரு தமிழ்ப்பிள்ளை தன் மொழி நூலைக் கொண்டு எந்திரனை ஏவுகிறது. இப்பாலுள்ள பிள்ளையும் ஏவ வேண்டுமாயின் ஆசிரியர் முதலில் எழவேண்டும். அவரை எழுப்பும் கடன் அரசுக்குண்டு, பெற்றோர்க்குண்டு, தமிழ்ப்பற்று உடையார் அனைவர்க்கும் உண்டு. பள்ளி தோறும் சென்று பேழைகளைத் திறக்கச் செய்க! பயிற்சியைத் தமிழிற் கேட்க! கேட்டுப் பெறுக! பெற்றதைப் பிள்ளைகளின் கையிற் கொடுக்க!