வாத்தியார் வேலை ரிட்டையர்மெண்ட் ஹாபி இல்லை, மக்களே!

வாரக்கடைசியில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், ரசம் வருவதற்குள் ஒருத்தராவது இதைச் சொல்லிவிடுவார்: "போதும்ப்பா பொட்டி தட்டினது. ஊருக்குப் போய் ஸ்கூல் பசங்களுக்குப் பாடம் எடுக்கப் போறேன்." எல்லோரும் ஆஹா என்பார்கள். அதே ஆளின் மகள் "நான் டீச்சராகப் போறேன்" என்று சொல்லட்டும், வீடே இழவு வீடாகிவிடும்.

நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். சித்தூர்க்காரன், வயது 46, நியூஜெர்சியில் பொட்டி தட்டுகிறேன். போன லீவில் ஊருக்குப் போனபோது தெரிந்தவர் மூலமாக ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு வாரம் கணக்கு எடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு பெண் எழுந்து, "மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் சார் ப்ளஸ் வருது?" என்று கேட்டாள்.

"அது ரூல்மா" என்றேன். இருபது வருஷ அனுபவம் சொன்ன பதில்! கடைசி பெஞ்சில் சிரிப்பு.

பின்னால் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் மெதுவாக எழுந்து வந்தார். "நீ மூணு பேர்கிட்ட ஆளுக்கு அஞ்சு ரூபா கடன் வாங்கியிருக்கேன்னு வச்சுக்கோ. கடன்னா மைனஸ். மூணு பேரும் கடனை வேண்டாம்னு விட்டுட்டாங்க. எடுத்துட்டதும் மைனஸ்தான். இப்ப உனக்கு எவ்வளவு லாபம்?" "பதினஞ்சு ரூபா டீச்சர்!" அவ்வளவுதான். கடைசி பெஞ்சும் தலையாட்டியது.

எனக்குக் கணக்கு தெரியும். பதினாலு வயசுப் பிள்ளைக்கு அது எந்த இடத்தில் இடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவதுதான் தொழில். "போயும் போயும் வாத்தியார் வேலையா?" என்ற இளக்காரமும், "நான் போய்ச் சொல்லிக்கொடுத்துட்டு வரேன்" என்ற பெருந்தன்மையும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்வதில்லை.

ஊரில் நிலவரம் என்ன? 2025-ல் ஆந்திர அரசு மெகா டி.எஸ்.சி.யில் 16,347 ஆசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்க பி.எட். வேண்டும், டெட் பாஸாக வேண்டும், அதற்கு மேல் டி.எஸ்.சி. தேர்வு. பி.எட். 2015-லிருந்து இரண்டு வருஷப் படிப்பு. அந்த அறிவிப்பில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 44 என்று இருந்தது. ஆக, எனக்கு அந்த பஸ் போயாச்சு. நமக்குப் பொழுதுபோக்கு, அங்கே வருஷக்கணக்காகப் படித்துக் காத்திருக்கிறவர்களுக்கு அதுதான் வாழ்க்கை.

அமெரிக்காவில் மட்டும் என்ன? வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு நியூஜெர்சி 1980களிலேயே மாற்று வழி திறந்தது. அதிலும் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி, கூடவே வழிகாட்ட ஒரு மூத்த ஆசிரியர். சும்மா விட்டுவிடவில்லை.

"டிகிரி வாங்கியும் ஒழுங்கா நடத்தாத வாத்தியார் இல்லையா?" என்பீர்கள். இருக்கிறார்கள். மோசமான டாக்டர் இருக்கிறார் என்பதற்காக நாமே ஊசியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறோமா?

செப்டம்பர் 5 வந்தால் ராதாகிருஷ்ணன் படத்தை எல்லோருக்கும் அனுப்புகிறோம். 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணியில் பிறந்தவர், திருப்பதி மிஷன் பள்ளியில் படித்தவர், 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்தவர். எங்க ஊர்ப் பக்கத்துப் பெருமை. ஆனால் அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமானது 1962-ல், அவர் ஜனாதிபதியான பிறகு! கடைசிவரை வகுப்பறையிலேயே இருந்துவிட்ட வாத்தியாருக்கு நம்மிடம் என்ன மரியாதை?

நான் முடிவு செய்துவிட்டேன். முதலில் திருப்பதியில் பி.எட். சேர்கிறேன், இருபது வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து. அதற்கப்புறம் எந்தத் தனியார் பள்ளி எடுத்துக்கொள்கிறதோ, அங்கே. சம்பளத்தை நினைத்து வீட்டுக்காரம்மா இன்னும் பேசவில்லை :-)

உங்களுக்கும் ஆசையிருந்தால் வாங்க, ஆனால் கற்றுக்கொண்டு வாங்க. அதற்கு முன்னால், டீச்சராகணும் என்று சொன்ன உங்க மகளைக் கூப்பிட்டு, "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க.