பரணியா, ஆற்றுப்படையா?

ஐரோப்பாவின் குறுக்கே பழைய மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாகச் சென்று திரும்பியவர்கள் எழுதும் நூல்களும் குறிப்புகளும் ஒரு தனி இலக்கிய வகை என்று சொல்லும் அளவுக்குப் பெருகிவிட்டன. கைக்குக் கிட்டியவற்றைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறோம். பெரும்பாலானவற்றின் கட்டுமானம் ஒன்றே. வேலையை விடுதல், வீட்டார் தடுத்தல், மழை, குளிர், பழுது, ஒரு மலைக்கணவாய், அதன் உச்சியில் வண்டியோடு ஒரு புகைப்படம், இறுதியில் 'தனியாகச் சாதித்தேன்' என்ற பெருமிதம். சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'தனியாக' என்ற அந்தச் சொல்லில் நமக்கு உடன்பாடில்லை. பழைய வண்டியில் போகிறவர் தனியாகப் புறப்படலாம். தனியாகப் போய்ச் சேர்வது அரிது. இதை மறைத்து எழுதும்போது பயணநூல் தன் உயிரான பகுதியை இழந்துவிடுகிறது.

நம் மரபில் உள்ள இரண்டு வகைகளைக் கொண்டு இதை விளக்கலாம். பரணி, போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடுவது. கலிங்கத்துப்பரணியில் படை நடத்திக் களத்தில் நின்றவன் கருணாகரத் தொண்டைமான். பாட்டுடைத் தலைவனோ களத்துக்கே போகாத முதற் குலோத்துங்கன். ஒரு பெயரை உயர்த்துவதற்காகப் பல பெயர்களைப் பின்னுக்குத் தள்ளுவது அந்த வகையின் இயல்பு. ஆற்றுப்படை வேறு வகை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிறவனிடம் எந்த வழியாகப் போகலாம், வழியில் யார் சோறிடுவார்கள், யாரிடம் போனால் வாழ்வு கிடைக்கும் என்று சொல்வது. அங்கே சொல்கிறவன் சிறுத்து, வழியும் வழியிலுள்ள மனிதர்களும் பெருத்து நிற்பார்கள். பழைய வண்டிப் பயணிகள் நடத்தும் பயணம் ஆற்றுப்படைக்கு உரியது. அவர்கள் எழுதுவதோ பரணி.

வண்டியின் இயல்பிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் ஆட்டோபானில் பரிந்துரைக்கப்படும் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். அறுபதுகளிலோ எழுபதுகளிலோ செய்யப்பட்ட ஒற்றை சிலிண்டர் வண்டி அந்த வேகத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே அது தன்னை ஓட்டுகிறவரைச் சிற்றூர்ச் சாலைகளுக்குத் திருப்பிவிடுகிறது. வழியைத் தேர்ந்தெடுப்பது வரைபடமன்று, எஞ்சின்தான்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை எடுத்துக்கொள்வோம். உயரம் 2,757 மீட்டர். பிராட் என்ற ஊரின் பக்கத்திலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். புதிய வண்டியில் மின்னணுக் கருவி இதை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று குறைந்தாலும் அது அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், வண்டி திணறும். இறங்கும்போது வேறு சிக்கல். வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்து டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். எங்கே நிறுத்தி ஆறவிட வேண்டும், எந்த கியரில் இறங்க வேண்டும் என்பதை அந்த மலையில் ஏறி இறங்கிய இன்னொருவரே சொல்லித்தர முடியும்.

அந்தச் சாலையும் ஒருவர் போட்டதன்று. ஆஸ்திரியப் பேரரசுக்காக 1820 முதல் 1825 வரை, கார்லோ டொனெகானி என்ற பொறியாளரின் திட்டப்படி, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பாறையை உடைத்துப் போட்டது. ருமேனியாவில் 2,042 மீட்டர் வரை ஏறும் டிரான்ஸ்ஃபகராஷான் சாலையை 1970 முதல் 1974 வரை சௌசெஸ்குவின் ஆணையால் படைவீரர்கள் வெடிவைத்து அமைத்தனர். அவர்களில் பலர் அங்கேயே மாண்டனர். 'நானும் என் வண்டியும் மலையும்' என்று எழுதுகிறவரின் டயருக்குக் கீழே இத்தனை பேர் இருக்கிறார்கள்.

இவ்வகையில் பெயர்பெற்ற இருவரைப் பார்ப்போம். டெட் சைமன் 1973 அக்டோபர் 6ஆம் நாள் லண்டனிலிருந்து 500 சிசி டிரையம்ஃப் வண்டியில் புறப்பட்டார். பிரான்ஸ், இத்தாலி, சிசிலி வழியாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளில் ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். அவருடைய வண்டியைச் செய்த மெரிடன் ஆலையை அப்போது மூட முயன்றார்கள்; தொழிலாளர்கள் உள்ளே அமர்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். 1979இல் வெளிவந்த அவர் நூலில் நம் மனத்தில் தங்குபவை ஓடிய தூரங்களல்ல. வண்டியோ காகிதமோ உடம்போ மக்கர் செய்து அவர் நின்றுபோன ஊர்களும், அங்கே கதவைத் திறந்தவர்களுமே.

எல்ஸ்பெத் பியர்ட், மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் பிரிட்டிஷ் பெண் என அறியப்படுபவர். 1982இல் புறப்பட்டபோது அவருடைய பிஎம்டபிள்யூ ஏற்கெனவே பிறர் ஓட்டிய 1974ஆம் ஆண்டு வண்டி. தாய்லாந்தில் குறுக்கே வந்த நாயின்மேல் மோதி விழுந்தவரை, அவர் மொழி அறியாத ஓர் ஏழைக் குடும்பம் வீட்டில் வைத்துப் பேணியது. நேபாளத்திலிருந்து ஐரோப்பா திரும்பிய வழியில் டச்சுப் பயணி ஒருவர் இன்னொரு வண்டியில் உடன் வந்தார். 2017இல் வந்த அவர் நூலின் தலைப்புக்கு 'தனித்த ஓட்டுநர்' என்பது பொருள். தலைப்பு பரணியாக இருந்தாலும் உள்ளே அவர் இவற்றை ஒளிக்கவில்லை. அந்த நூலை நாம் மதிப்பதற்கு அதுவே காரணம்.

மலைபடுகடாம் நடத்துகிற ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு ஒளிந்த குழி, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல், வழுக்கும் பாறை என்று மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எச்சரித்துவிட்டு, இன்ன ஊரில் உறவினரைப்போல் உரிமையோடு நுழையுங்கள், உணவு கிடைக்கும் என்று கூத்தன் சொல்கிறான். நன்னனின் புகழுக்குச் செல்லும் வழி இத்தனை எளியவர்களின் வாசல் வழியாகவே போகிறது.

எங்கோ நடக்கும் பயணம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பிய மலைச்சாலைகளில் 'பழைய ஆங்கில வண்டி' என்று பலர் ஓட்டும் புல்லட்டில் கணிசமானவை நம் திருவொற்றியூரில் வார்த்து முடுக்கப்பட்டவை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு இங்கே ஆலை கண்டது. இங்கிலாந்தில் அந்தப் பெயர் அணைந்த பிறகும் 1940களின் இறுதியில் உருவான அதே வடிவம் வடசென்னையில் தொடர்ந்தது. 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ஐரோப்பா கைவிட்ட இளமையை ஐரோப்பாவுக்கே திருப்பி விற்றவர்கள் நம் தொழிலாளர்கள். 2000களின் இறுதியில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஈடுகொடுக்க அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் கைவிடப்பட்டது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் சாலையோரத்தில் பிரித்து மாட்டக்கூடிய எஞ்சின்களின் வரிசையில் அது ஏறக்குறையக் கடைசி.

பழைய வண்டி புகை கக்குகிறதே என்று கேட்பது நியாயமான கேள்வி. நகரத்துக் குழந்தையின் நுரையீரலைவிட நம் ஏக்கம் பெரிதன்று. ஆனால் விதிகள் எங்கே கோடு கிழிக்கின்றன என்று பார்க்க வேண்டும். லண்டனில் 2019இல் நடைமுறைக்கு வந்து 2023இல் மாநகர் முழுவதும் விரிந்த விதிப்படி, யூரோ 3 தரத்தை எட்டாத மோட்டார் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம். நாற்பது ஆண்டு கடந்து 'வரலாற்று வண்டி' என்று பதிவு பெற்றதற்கோ விலக்கு. ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் கெடாமல் பேணப்பட்ட வண்டிக்குத் தனிப் பதிவெண் உண்டு. சேகரிப்பவரின் கொட்டகையில் இருப்பது தொன்மை. இருபத்தைந்து வயது வண்டியில் வேலைக்குப் போகிறவரிடம் இருப்பது வெறும் பழசு. புகை இரண்டிலும் வருகிறது.

தனிப் பயணியின் சுதந்திரத்துக்கும் இப்படியோர் அடித்தளம் உண்டு. 1985இல் ஷெங்கன் என்ற சிற்றூரில் கையெழுத்தாகி 1995இல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டில் ருமேனியாவின் நிலவழி எல்லை 2025 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. சில நாடுகள் அவ்வப்போது தற்காலிகச் சோதனை வைத்தாலும், லிஸ்பனிலிருந்து கார்பேத்திய மலை வரை வாயிற்கதவு இல்லாத சாலை இருக்கிறது. நம் கடவுச்சீட்டுடன் போகிறவருக்கோ விசாவும், 180 நாளில் 90 நாள் என்ற கணக்கும் உண்டு. 'எல்லையற்ற சாலை' என்று எழுதுகிறவர் அது யாருக்கு எல்லையற்றது என்பதையும் ஒரு வரி எழுதலாம்.

நம்மவர்களும் இப்பாதையில் போகத் தொடங்கியிருக்கிறார்கள், போனவர்கள் எழுதுவார்கள். அவர்களிடம் நாம் கேட்பது மிகக் குறைவு. உச்சியில் எடுத்த புகைப்படம் இருக்கட்டும். ஸ்டெல்வியோ பனிக்காலத்தில் மூடியிருக்கும், டிரான்ஸ்ஃபகராஷானின் மேற்பகுதி ஜூன் வரைகூட மூடியிருக்கலாம் என்று சொல்லுங்கள். எந்த ஊரில் கிளட்ச் கேபிள் அறுந்தது, யார் கடையைத் திறந்து தந்தார், காசு வாங்கினாரா, எந்தத் திருப்பத்தில் பிரேக்கை ஆறவிட்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மழைநாளில் அதே திருப்பத்தில் நிற்கப்போகும் ஒருவருக்கு வேண்டியது அதுதான்.