கருஞ்சீரகக் குப்பியும் நபிமொழியும்

கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. மறுக்க எந்த முஸ்லிமுக்கும் மனம் வராது. ஸஹீஹுல் புகாரியில் அதைப் பற்றிய நபிமொழி உண்டு. நம் பாட்டிமார் காலத்திலிருந்தே அது நம் அடுக்களைகளில் இருந்துவருகிறது. நாம் எதிர்ப்பது வேறொன்றை. அந்த நபிமொழியைக் குப்பியின்மேல் அச்சடித்து, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் புற்றுநோய்க்கும் இதுவே போதும், மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்று சொல்லி விற்கும் வியாபாரத்தையே எதிர்க்கிறோம்.

படப்பையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதி இவ்வியாபாரத்துக்கு வளமான நிலம். வாரந்தோறும் மாறும் ஷிப்ட், கெட்டுப்போன உறக்கம், வெயில் எட்டாத கூடம், விடுதிச் சோறு. உடல் சோர்ந்தவனிடம் ‘சத்து’ என்ற சொல் எளிதில் விலைபோகும். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் மேசைமேல் குப்பிகள். கைப்பேசியைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் குப்பிகள். உறவினர் வீட்டுக்குச் சென்றால், அவரே ஏதோ ஒரு சங்கிலித்தொடர் விற்பனையில் சேர்ந்து நம்மையும் சேரச் சொல்கிறார். ‘நபிவழி மருத்துவம்’ என்ற பெயர் மட்டும் இருந்துவிட்டால் போதும், கேள்வி கேட்பவன் ஈமானில் குறைந்தவனாகிவிடுகிறான்.

அந்த நபிமொழியை நம் முன்னோர் எப்படி விளங்கினார்கள்? சொல் பொதுவாக அமைந்திருந்தாலும் குறிப்பிட்ட வகை நோய்களே அதில் கருதப்பட்டன என்று இமாம் கத்தாபீ விளக்கினார். புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அவ்விளக்கத்தைத் தம் ‘ஃபத்ஹுல் பாரி’யில் பதிவு செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்த இந்த நிதானம் இன்றைய விளம்பரத்தாரிடம் இல்லை. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அஜ்வா பேரீச்சம்பழத்தையும் கூறினார்கள். ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லவும் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள இந்த அறிவிப்பில் பேரீச்சம்பழத்தை மட்டும் படித்துவிட்டு மருத்துவரை விட்டுவிடுகிறார்கள் நம் வியாபாரிகள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய அறிவிப்பும் அதே நூலில்தான் இருக்கிறது. அதை எந்தக் குப்பியிலும் நாம் பார்த்ததில்லை.

கருஞ்சீரகத்தில் தைமோகுவினோன் என்ற வேதிப்பொருள் உண்டு. இரத்தச் சர்க்கரையை அது சற்றுக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. ‘சற்று’ என்பதுதான் இங்கே முக்கியம். மெட்ஃபார்மினின் இடத்தை அது நிரப்பாது. மாத்திரையோடு சேர்த்து அளவின்றி எடுத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடவும் கூடும். மாத்திரையை நிறுத்தியவருக்கோ முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரிவதில்லை. அதற்குள் சர்க்கரை சிறுநீரகத்தையும் விழித்திரையையும் கால் நரம்புகளையும் ஓசையின்றி அரித்துக்கொண்டிருக்கும். டயாலிசிஸ் படுக்கையருகே குப்பி விற்றவர் வந்து நிற்கமாட்டார்.

மூலிகைதானே, தீங்கு என்ன வந்துவிடும் என்பார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்டு கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வல்லுநர்களே வாதிட்டுக்கொள்ளும் ஒன்றில், மேசை போட்டு விற்பவர் மட்டும் எப்படி இத்தனை உறுதியாகப் பேசுகிறார்?

வைட்டமின்கள் வேண்டாம் என்பதும் நம் வாதமன்று. நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்போருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெரிதும் தவிர்க்கப்படுகின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். அவர்களுக்கான இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தேநீரோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் உடலில் நன்றாகச் சேரும். இதைச் சொல்லிக்கொடுப்பதில் யாருக்கும் கமிஷன் இல்லை; அதனால்தான் யாரும் சொல்வதில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. தேவைக்கு மிஞ்சினால் உடலில் தேங்கும். ஏ மிகுந்தால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் விடுதி உணவால் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தனர். உடன் பணிபுரிந்தோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். அவர்கள் கேட்டது கேப்ஸ்யூல் அன்று, உண்ணத்தக்க சோறு.

இன்னொன்று. நம்மவர் குப்பியைக் கையிலெடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, கேப்ஸ்யூலின் ஜெலட்டின் பன்றியா, மாடா, தாவரமா என்பது. நியாயமான கேள்வி. ஹலால் முத்திரை அதற்கு விடை சொல்லும். விளம்பரம் உண்மையா என்பதற்குச் சொல்லாது. பொய் சொல்லி விற்ற பொருளின் பணம் ஹலாலா என்று கேட்பவர் எத்தனை பேர்? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்படி, துணை உணவுகளின்மேல் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று அச்சிட வேண்டும். குப்பியின் பின்புறம் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், அது இருக்கிறது. முன்புறத்தில் நபிமொழி!

நோய் தீர்க்கும் என்ற விளம்பரங்களுக்காகப் பதஞ்சலி நிறுவனத்தை 2024இல் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அது நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை கைதட்டல்! அந்நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு எதிராகப் பேசப்பட்ட 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம், தாடி வைத்த விற்பனையாளருக்கும் பொருந்தும்.

மஸ்ஜித் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான். வாசலில் மேசை போட வருபவரிடம் பதினான்கு இலக்க உணவு உரிம எண்ணைக் கேளுங்கள். நோய் தீரும் என்று எழுதிய பதாகை இருந்தால் மேசைக்கு இடமில்லை என்று சொல்லுங்கள். மாதத்தில் ஒரு வெள்ளியன்று அதே இடத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், ஜமாஅத்திலுள்ள மருத்துவர்களையும் செவிலியர்களையும் அழையுங்கள். பெண்கள் தொழ வரும் நாளாகவும் அது இருக்கட்டும்.